62 போர்த்துக்கேயச் சட்டைகளுக்கு என்ன விலை?

சென்ற டிசம்பரில் வருட இறுதி இருப்புக் கணக்கு எடுப்பதற்காகச் சார்ஜா கைத்தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் கிடங்குக்குப் போனேன். கல்யாணங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் கூடாரம், கதிரை, மேடை, விளக்கு எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற நிறுவனம் எங்களுடையது. கதிரை எண்ணுவது சுலபம். பின்சுவரோடு அடுக்கியிருந்த எட்டு அட்டைப்பெட்டிகள்தான் என்னை மறித்தன. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு படப்பிடிப்புக் குழு கூடார வாடகையின் கடைசித் தவணையைக் கட்ட முடியாமல், அதற்குப் பதிலாக விட்டுப்போன பெட்டிகள் அவை.

திறந்து பார்த்தேன். தடித்த துணியில் தோள் புடைத்துத் தைத்த சட்டைகள் 62. வெள்ளிப்பூச்சு அடித்த பிளாஸ்டிக் தலைக்கவசங்கள் 40. போர்த்துக்கேயச் சிப்பாய்கள். சட்டைகளில் ஒன்றை உட்புறம் திருப்பினேன். கழுத்துப்பட்டிக்குக் கீழே துணித்துண்டில் ஒரு ஆங்கிலப் பெயர் தைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் கறுப்பு மையால் ஒரு அரபு இலக்கம். இன்னும் கீழே, பென்சிலால் இந்தியில் இரண்டு எழுத்து. ஆக, எங்களிடம் வர முதலே அந்தச் சட்டை குறைந்தது மூன்று பேரின் முதுகில் ஏறி இறங்கியிருக்கிறது.

எங்கள் முதலாளி திருச்சூர்க்காரர், நல்ல மனிதர். "இதைக் குப்பைக்குக் கொடுத்தால் ஒரு மூலை காலியாகுமே, சாரே" என்றார். கணக்காளனாகிய எனக்கோ வேறு கவலை. இதற்குப் புத்தகத்தில் என்ன விலை போடுவது?

அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

சரித்திரப் படம் எடுக்கிற கம்பெனியின் கணக்கில் உடுப்பு என்பது சொத்து அல்ல, செலவு. கமராவுக்குக் கொடுத்த வாடகை, சாப்பாட்டுச் செலவு, தையற்காரர் கூலி எல்லாம் சேர்ந்து "படத்தின் அடக்கவிலை" என்ற ஒரே குடத்துக்குள் போய்விடும். படம் முடிந்த அன்று புத்தகத்தில் அந்தச் சட்டையின் பெறுமதி பூச்சியம். ஆனால் சட்டை இருக்கிறது. மூன்று அறை நிறைய இருக்கிறது. மீள்படப்பிடிப்பு வந்தால் தேவைப்படும் என்று சில மாதம் வைத்திருப்பார்கள். படம் வெளியானதும் வைத்திருப்பதற்கு யாருக்கும் காரணம் இல்லை. கிடங்கு வாடகை மட்டும் மாதாமாதம் வரும்.

உடுப்பை வாடகைக்கு விடுகிற கடைக்காரனின் புத்தகத்தில் அதே சட்டை வேறு பொருள். அங்கே அது நிலையான சொத்து. லொறி வைத்திருப்பவனுக்கு லொறி எப்படியோ அப்படி. பல வருடத்துக்குப் பெறுமானத் தேய்வு போடலாம். எடுத்துக்காட்டுக்கு, ஒரு சட்டை தைக்க 800 திர்ஹம் என்று வைப்போம். 62 சட்டைக்கு 49,600. வாரத்துக்குப் பத்திலொரு பங்கு வாடகை என்றால், நான்கு வாரப் படப்பிடிப்புக்கு ஒரு சட்டை 320 தரும். மூன்றாவது படத்தோடு போட்ட முதல் திரும்பி வந்துவிடும். நான்காவது படத்திலிருந்து சலவைக்கூலியும் கிடங்கு வாடகையும் போக மிச்சமெல்லாம் இலாபம். படம் எடுப்பவனுக்கும் நட்டமில்லை. 49,600 போட வேண்டிய இடத்தில் 19,840 போட்டிருக்கிறான். சரித்திரப் படங்களும் தொடர்களும் இத்தனை வருவதற்கு இந்தச் சாதாரணக் கணக்கும் ஒரு காரணம். எல்லாவற்றையும் புதிதாகத் தைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றால் பாதிப் படங்கள் கடதாசியிலேயே நின்றுவிடும்.

இந்தத் தொழிலின் பெரிய வீடுகள் மேற்கில்தான். லண்டனில் ஏஞ்சல்ஸ் என்ற நிறுவனம் 1840இல் பழைய துணிக் கடையாகத் தொடங்கியது. நாடக நடிகர்கள் வந்து, வாங்கப் பணமில்லை, ஒரு கிழமைக்கு வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்கப்போய் வாடகைத் தொழிலாக மாறியது. லொஸ் ஏஞ்சலிசில் வெஸ்டேர்ன் கொஸ்ட்யூம் 1912இலிருந்து இருக்கிறது. ரோமில் திரெல்லி 1964, லண்டனில் கொஸ்ப்ரொப் 1965. ஆங்கிலச் சரித்திரத் தொடர்களைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இந்தக் கிடங்குகளின் உடுப்புகள் பழகிய முகங்கள். ஒரு தொடரில் சீமாட்டி போட்ட கவுணை இன்னொன்றில் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை போட்டிருப்பாள். அதையே தேடிக் கண்டுபிடித்துப் பட்டியல் போடுகிற இரசிகர்களும் உலகமெங்கும் உண்டு.

கணக்காளன் என்ற முறையில் எனக்கு மிகப் பிடித்த கதை ஒரு மண்ணிறப் போர்வையைப் பற்றியது. 1977இல் வந்த முதல் ஸ்டார் வோர்ஸ் படத்தில் அலெக் கின்னஸ் போட்டிருந்த நீண்ட அங்கி. படம் முடிந்ததும் அது ஏஞ்சல்ஸ் கிடங்குக்குத் திரும்பிப்போய், மற்றச் சாமியார் அங்கிகளோடு சாமியார் அங்கியாகத் தொங்கியது. ஆட்கள் விருந்துகளுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். 1999இல் வந்த த மம்மி படத்தில் கூட்டத்தில் நின்ற யாரோ ஒருவர் அதைப் போட்டிருந்தார். பிறகு கிடங்கைத் துருவியபோது அடையாளம் கண்டார்கள். 2007இல் லண்டன் ஏலத்தில் 54,000 பவுணுக்குப் போனது. அந்த முப்பது வருடமும் அது புத்தகத்தில் என்ன பெறுமதியில் இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

எங்களவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் என் சிறு வயதில் கோயில் திருவிழாவுக்குக் கூத்து வைத்தால், அண்ணாவியாருக்கு வெற்றிலை வைப்பதோடு உடுப்புக்காரருக்கும் சொல்லி அனுப்புவார்கள். அவர் றங்குப்பெட்டியோடு பின்னேரமே வந்துவிடுவார். முடி, புயக்கட்டு, சரிகை வைத்த வெல்வெட் கோட்டு. ராசாவுக்கென்று நல்ல கோட்டு இரண்டுதான். போன கிழமை பக்கத்து ஊரில் அரிச்சந்திரன் போட்ட சிவப்புக் கோட்டு இந்தக் கிழமை எங்கள் ஊரில் வேறொரு ராசாவின் உடம்பில் இருக்கும். "அரிச்சந்திரன்ரை கோட்டு வந்திட்டுது" என்று முன்வரிசைக் கிழவிகள் சொல்லுவார்கள். யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பக்கமாக நடந்த இரவில், சைக்கிள் கரியரில் சட்டி பானைக்குப் பதில் அந்த றங்குப்பெட்டியைக் கட்டி உருட்டிக்கொண்டு போன அந்த மனிதரைக் கண்டேன். மனைவி பின்னால் ஏசிக்கொண்டே வந்தா. அவரைப் பொறுத்தவரை அதுதான் அவருடைய முதல். அந்தப் பெட்டி எதுவரை போனது என்று பிறகு நான் கேள்விப்படவில்லை.

நானும் பிறகு மண்டபத்தில் பதிந்து, சென்னைக்குப் போய், வணிகப் பட்டத்தை வைத்துக் கொண்டு அங்குமிங்கும் கணக்கு எழுதினேன். அதில் மூன்று வருடம் வடபழனியில் ஒரு உடுப்பு வாடகைக் கடை. பொலிஸ் சீருடை, வக்கீல் அங்கி, மாப்பிள்ளைக் கோட்டு, ராசா உடுப்பு எல்லாம் உண்டு. பேரேட்டில் "கிருஷ்ணர் முழு செட் 3, சேவகர் 24, முனிவர் தாடி 11" என்று எழுதியிருக்கிறேன். வருமானத்தின் முதுகெலும்பு பொலிஸ் சீருடை. அடுத்தது சேவகர். ராசா உடுப்புப் பெருமைக்கு மட்டும்தான். கதாநாயகர்கள் வாடகை உடுப்பைத் தொடமாட்டார்கள்.

அங்கேதான் இந்தத் தொழிலின் அடிப்படை விதியைப் படித்தேன். கமராவுக்குக் கிட்ட நிற்பவனுக்குப் புதுசு, தூர நிற்பவனுக்குப் பழசு. கதாநாயகனுக்கு ஒரே உடையில் மூன்று நான்கு பிரதி தைப்பார்கள்: ஒன்று சண்டைக்கு, ஒன்று மழைக்கு, ஒன்று இரத்தத்துக்கு. அவனுக்குப் பின்னால் நிற்கிற இருநூறு பேர் கிடங்கிலிருந்து வருவார்கள். அந்தக் கதாநாயகன் உடுப்பும் அடுத்த படத்தில் மெல்லப் பின்வரிசைக்குப் போகும். மும்பாய் யஷ்ராஜ் நிறுவனத்தில் படம் முடிந்ததும் உடுப்புகளைப் படத்தின் பெயரெழுதிய பெட்டிகளில் போட்டு வைப்பார்கள். 2005இல் பண்டி ஔர் பப்ளி படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கு ஐஸ்வர்யா ராய் போட்டிருந்த உடுப்பு, 2010இல் பேண்ட் பாஜா பாராத் படத்தில் பின்னால் ஆடிய ஒரு பெண்ணின் உடம்பில் இருந்தது. நெடுநாள் யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னதும் எல்லோரும் கேலி பண்ணினார்கள். எனக்கு அது நல்ல நிர்வாகமாகவே பட்டது.

மும்பாயின் மகன்லால் ட்ரெஸ்வாலா கடை, ராமானந்த் சாகரின் ராமாயணத்துக்கும் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்துக்கும் உடுப்புக் கொடுத்த இடம். அந்த இரண்டு தொடர்களுக்குப் பிறகு இந்தியாவில் எந்த ஊர்ப் பள்ளிக்கூட நாடகத்திலும் ராமர் அந்தத் தொடர் ராமரைப் போலத்தான் வருகிறார். புராண உடுப்பு மீள்பயன்பாட்டுக்கு மிக வசதியானது. நூற்றாண்டு கேட்கமாட்டார்கள்.

சரித்திர உடுப்புக்குக் கேட்பார்கள். இங்கேதான் என் 62 சட்டைக்குத் திரும்பி வருகிறேன்.

போர்த்துக்கேயர் எத்தனை கரையில் இறங்கினார்கள் என்று பாருங்கள். 1498இல் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் வாஸ்கோ ட காமா. 1507இல் அல்புகேர்க் மஸ்கட்டையும், நான் இருக்கிற சார்ஜாவின் கிழக்குக் கரையில் உள்ள கோர்பக்கானையும் தாக்கினார். 1521இல் பஹ்ரைன். ஓர்மூஸ் அவர்களிடம் 1622 வரை இருந்தது, மஸ்கட் 1650 வரை. நடுவில் 1619இல் எங்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்துச் சங்கிலியனைக் கொண்டுபோனார்கள்; 1658இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்தார்கள். மலையாளியும் ஓமானியும் எமிராத்தியும் யாழ்ப்பாணத்தானும் தங்கள் தங்கள் கதையைப் படமாக எடுத்தால், எல்லோருடைய கதையிலும் வில்லன் ஒருவனே.

இது வெறும் கற்பனை இல்லை. காமாவை வைத்துச் சந்தோஷ் சிவன் 2011இல் உறுமி எடுத்தார். அதற்கு உடை வடிவமைத்தவர் ஏகா லக்கானி. பிறகு பொன்னியின் செல்வனுக்கும் அவர்தான். குஞ்ஞாலி மரைக்காரை வைத்துப் பிரியதர்ஷன் எடுத்த படத்துக்கு 2019ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் உடை வடிவமைப்பு விருதும் கிடைத்தது. 2020இல் சார்ஜா ஒளிபரப்பு அதிகாரசபை கோர்பக்கான் 1507 என்ற படத்தையே வெளியிட்டது. சார்ஜா ஆட்சியாளர் எழுதியதை வைத்து எடுத்த படம். பத்து வருடத்துக்குள், அரபிக் கடலின் இரு கரையிலும், மூன்று படங்களுக்கு 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கேயச் சிப்பாய்கள் தேவைப்பட்டார்கள். அவை ஒன்றுக்கொன்று உடுப்புக் கொடுத்தன என்று நான் சொல்லவில்லை. சந்தை ஒன்று இருக்கிறது என்கிறேன்.

ஆனால் கவனம் வேண்டும். 1507இன் சிப்பாயும் 1619இன் சிப்பாயும் ஒருவரல்லர். படகு கவிழ்த்தது போல நடுவில் கூர்முகடு வைத்த அந்தத் தலைக்கவசம் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே பரவலாகியது. ஆகவே எங்கள் கிடங்கில் கிடந்த 40 கவசமும் கோர்பக்கானுக்குப் பிந்தியவை, யாழ்ப்பாணத்துக்குப் பொருத்தம். கழுத்தைச் சுற்றிய மடிப்பு வெள்ளைப் பட்டியும் அப்படித்தான். கைதேர்ந்த உடுப்பாளர் இதையெல்லாம் சமாளிப்பார். கழுத்துப்பட்டியைப் பிரித்து வேறு தைப்பார். கையை மாற்றுவார். தேயிலைச் சாயத்தில் போட்டு நிறத்தை இறக்குவார். உப்புத்தாளால் உரசி முழங்கையைப் பழசாக்குவார். ஒரு சட்டை நூறு வருடம் முன்னே பின்னே போவது இப்படித்தான்.

அப்படியானால் படப்பிடிப்புக்கு இத்தனை பணம் கொட்டுகிற வளைகுடாவில் அப்படியொரு கிடங்கு ஏன் வளரவில்லை? 2014இலேயே புதிய ஸ்டார் வோர்ஸ் படத்துக்கு அபுதாபிப் பாலைவனத்தில் படம் பிடித்தார்கள். அபுதாபி, உள்ளே செலவழித்த பணத்தில் 30 சதவீதம் திருப்பித் தந்தது. 2025இலிருந்து அது 35. சவூதி 2022இல் 40 வரை அறிவித்தது. பணம் இருக்கிறது. உடுப்பும் வருகிறது. தங்குவதில்லை.

முதற்காரணம் சுங்கம். வெளியிலிருந்து வருகிற படக்குழு கமராவையும் உடுப்பையும் ஏ.டி.ஏ. கார்னே என்ற பத்திரத்தில் கொண்டுவரலாம். பொருட்களுக்கான கடவுச்சீட்டு என்று அதைச் சொல்லுவார்கள். எமிரேட்ஸ் 2011இல் அதை ஏற்றது, சவூதி 2024இல். தீர்வை இல்லை. ஆனால் ஆகக்கூடியது ஒரு வருடம். அதற்குள் கொண்டுவந்த ஒவ்வொரு உருப்படியும் பட்டியலின்படி திரும்பிப் போக வேண்டும். வேலை இருக்கும் வரை இரு, முடிந்தால் போ. இந்த ஊரில் விசாவில் இருக்கிற எங்களுக்கு விளங்காத ஒழுங்கல்ல. எங்கள் 62 சட்டையும் அதிஷ்டவசமாக 5 சதவீதத் தீர்வை கட்டி வந்தவை. கடதாசியைத் தேடி எடுத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இரண்டாவது, வெயில். லண்டனில் ஒரு கம்பளிக் கோட்டைக் கம்பியில் தொங்கவிட்டுப் பூச்சிக்கு மருந்து வைத்தால் போதும். இங்கே குளிரூட்டி இல்லாத கிடங்கில் ஓகஸ்டில் ரப்பர் கவசம் பிசினாகிவிடும், பசை விட்டுப்போகும். கரையோர ஈரத்தில் தோல் வாரில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே வருடம் முழுவதும் குளிரூட்டி ஓட வேண்டும். அந்த மின்கட்டணத்தைப் போட்டுப் பார்த்தேன். 62 சட்டைக்குக் கட்டவே கட்டாது. ஆயிரம் உடுப்பு இருந்து, வருடத்தில் நான்கு படப்பிடிப்பு நிச்சயம் என்றால் கட்டும். அரபுச் சரித்திரத் தொடர்கள் ரமழானுக்கு ரமழான் வருகின்றன. ஆனால் அவற்றில் பெரியவை பலவும் மொரோக்கோவிலும் துனிசியாவிலும் எடுக்கப்படுகின்றன. 2012இல் வந்த உமர் தொடருக்கு மொரோக்கோ, 2019இல் மமாலிக் அல்-நார் தொடருக்குத் துனிசியா. பணம் இங்கிருந்து போகிறது, உடுப்பும் அதைத் தைக்கிற கையும் அங்கேதான் சேர்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருப்பித் தருகிற பணம் உள்ளூர்ச் செலவுக்குத்தான். லண்டனில் வாடகைக்கு எடுத்த உடுப்புக்குக் கிடைக்காது. அபுதாபியில் ஒரு கிடங்கு இருந்தால் அதன் வாடகை உள்ளூர்ச் செலவு. அதாவது கிடங்கு வைத்தவனுடைய சட்டை, படக்குழுவுக்கு 35 சதவீதம் மலிவு. இதை முதலாளிக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "சாரே, நமக்குக் கதிரை போதும்" என்றார். பிழை சொல்லமாட்டேன். முதல் போடுகிறவர் அவர்.

கடைசியில் புத்தகத்தில் என்ன விலை போட்டேன்? விற்றால் தேறக்கூடிய தொகை: சட்டை ஒன்று 10 திர்ஹம், கவசம் 5. ஆக 820. அதே விலைக்கு 14 சட்டையையும் 9 கவசத்தையும் நானே வாங்கினேன். 185 திர்ஹம். மிச்சம் போய்விட்டது.

சனிக்கிழமைகளில் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறோம். பெப்ரவரியில் அவர்கள் சங்கிலியன் நாடகம் போட்டார்கள். கொச்சிக்காரர் ஒருவர் போர்த்துக்கேயத் தளபதியாக நின்றார், உயரம் காணும் என்பதால். முடிந்ததும் திருநெல்வேலித் தம்பி ஒருவர் வந்து, "அண்ணே, அடுத்த தடவை கட்டபொம்மன் போடலாம்னு இருக்கோம். இதே சட்டையை வெள்ளைக்காரனுக்குக் குடுப்பீங்களா?" என்றார். 1799இன் ஆங்கிலச் சிப்பாய் சிவப்புக் கோட்டுக்காரன், இது 1619 என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு நாங்கள் இருவருமாக ஒரு சட்டையை எடுத்துச் சிவப்பாகச் சாயம் போட்டு, மார்பில் குறுக்காக இரண்டு வெள்ளை நாடா வைத்துப் பார்த்தோம். பத்தாவது வரிசையில் இருந்து பார்த்தால் குறை தெரியாது. சிவப்பாக்கியவை ஆறு, மிச்சம் எட்டு போர்த்துக்கேயத்திலேயே இருக்கின்றன.

எல்லாம் இப்போது என் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே இரண்டு பெட்டியில். ஒவ்வொன்றின் உள்ளும், பழைய மூன்று அடையாளத்துக்குக் கீழே, போட்ட பிள்ளையின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். எமிரேட்சில் எங்காவது பிள்ளைகளின் நாடகத்துக்குத் தேவை என்றால் கேளுங்கள், வாடகை இல்லை. மெசினில் போடாமல் கையால் அலசித் திருப்பித் தரவேண்டும். நாடகக்காரர் மணம் போக மலிவு வொட்கா தெளிப்பார்கள். நாங்கள் இருப்பது சார்ஜா, ஆகவே வினாகிரியும் நிழற்காற்றும். கவசங்களைக் காருக்குள் விட்டுவிடாதீர்கள். ஒன்பதில் இரண்டு ஓகஸ்டில் அப்படித்தான் வளைந்தன.